சத்தம் பிடிக்க வந்தவர்கள்

எங்கள் ஊருக்குச் சத்தம் பிடிக்க நான்கு பேர் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பழவேற்காட்டிலிருந்து படகில் வந்து இறங்கினார்கள். சென்னையில் நாடகம் போடுகிறவர்களாம். உழைக்கிறவர்களின் உடம்பசைவையும் மெஷின்களின் இரைச்சலையும் வைத்து, பேச்சே இல்லாத நாடகம் ஒன்று செய்கிறார்களாம். அதற்காக எங்கள் படகு எஞ்சின்களின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ஒருவன் கையில், பூனைக்குட்டியைக் கழியில் கட்டியதுபோல் ரோமம் போர்த்திய மைக் இருந்தது.

பேச்சில்லாத நாடகம் என்பதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. முன்பு நாடா பிடித்து நிலம் அளக்க வந்தவர்களும் இப்படித்தான் சிரித்த முகத்தோடு வந்தார்கள். மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்து என் நைனா விஷயத்தை உடைத்தார்.

“இவுங்கோ ஃபாரஸ்ட்டு ஆளுங்க. எஞ்சின் சத்தத்துல பூநாரைங்கோ பறந்துடுதுனு காட்டி, நம்ம போட்டுங்கள நிறுத்தப் போறாங்கோ.”

அதன் பிறகு மைக் போன இடமெல்லாம் ஊர் அடங்கிப்போனது. அது கரைக்கு வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றிப் படகைத் தள்ளினார்கள். ஐஸ் உடைக்கும் மெஷின் ஒன்றுதான் நிற்கவில்லை. அதை ஓட்டியவர் என் அத்தை, நைனாவின் அக்கா. வாசலில் நின்று மெஷினை நிறுத்தச் சொன்ன நைனாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தைக்குத் திமிர் என்று ஊரில் பெயர். பேசினால் இஷ்டமிருந்தால்தான் பதில் வரும். பின்னாலிருந்து கூப்பிட்டுக் கல்யாணத்துக்கு அழைத்த ஒரு குடும்பம், அத்தை நிற்காமல் போனதற்காக எங்களோடு பேச்சையே விட்டுவிட்டது.

வந்தவர்களில் இருந்த ஒரே பெண், அந்த அத்தையிடம் போய் ஒட்டிக்கொண்டாள். மைக்கைக்கூட எடுத்துப் போகவில்லை. நாள் முழுவதும் ஐஸ் கொட்டகையில் அத்தைக்கு எதிரே நின்றாள். வேவு பார்க்க நைனா என்னை அனுப்பினார்.

“இன்னா கேட்டா அவ?”

“ஒண்ணும் கேக்கல நைனா. அத்தை கைய எப்டி தூக்குதோ, அதுவும் அப்டியே தூக்குது.”

“பேசவே இல்லியா?”

“இல்ல.”

இது நைனாவின் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. பேசாமலே விஷயத்தைக் கறக்கிறவள் என்றால் பெரிய கைகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்னாமல் கோழிக்குப் போட்டுப் பார்த்தேன். கோழி நன்றாகத்தான் இருந்தது. பிஸ்கட் போனதுதான் மிச்சம்.

கிளம்புவதற்கு முன்னால் ஏலக்கூடத்திலேயே நாடகத்தைச் செய்து காட்டினார்கள். பொழுது சாயும் நேரம். ஊரே வந்திருந்தது, ரசிக்க அல்ல, நம்மைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்கள் என்று கண்காணிக்க. பாட்டும் இல்லை, ராஜாவும் இல்லை. கறுப்பு பேன்ட் போட்ட மூன்று பேர் வாயாலும் காலாலும் தகரத்தாலும் கடகடவென்று இரைந்தார்கள். நடுவில் அந்தப் பெண், இல்லாத ஐஸ் கட்டியைத் தோளுக்குத் தூக்கி, இல்லாத மெஷினுக்குள் தள்ளினாள். தூக்கினாள், தள்ளினாள். இரைச்சல் ஏற ஏற அவள் முதுகு வளைந்துகொண்டே வந்தது. திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. ஒருவன் அவள் பக்கத்தில் வந்து வாயசைத்தான். அவள் தலையைச் சாய்த்து, இடது காதை அவன் பக்கம் திருப்பினாள்.

“அட, நம்ம ஐஸ் கொட்டாய் அக்கா!” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. நைனா எழுந்துவிட்டார்.

“எங்க அக்காவ நக்கல் பண்ணவா வந்தீங்கோ?”

அதற்குள் பெண்கள் பக்கமிருந்து அத்தை எழுந்து நடுவே போயிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அத்தை அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாக மறுபக்கம் திருப்பினார்.

“இப்டி வெச்சுக்கோம்மா. எனக்கு கேக்காதது இடது காது. மெஷின் பக்கமா இருந்த காது. நீ எதிர்ல நின்னு பாத்ததுல மாறிப்பூட்ச்சு.”

இதை இயல்பாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். நைனா நின்றபடியே இருந்தார். பின்னாலிருந்தவர் மறைக்கிறது என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். நாடகம் முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை அந்தப் பெண் வலது காதைத் திருப்பினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஏரிக்கரையின் குறுகலான பாதையில் நடந்தோம். அத்தையின் இடப்பக்கம் நைனா, பின்னால் நான். வலப்பக்கம் தண்ணீர். நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார். சலவை வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, சுற்றிக்கொண்டு அத்தையின் மறுபக்கம் போனார்.

என் காதில் விழக்கூடாத ரகசியம் ஏதோ பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஃபாரஸ்ட்டு விஷயமாகத்தான் இருக்கும். சத்தமில்லாமல் அவர்களுக்கு நெருக்கமாகப் போய் ஒட்டுக்கேட்டேன்.

“அக்கா, இன்னா கொழம்பு இன்னிக்கு?”

“எறாதாண்டா. வரியா, சாப்புட?”

“வரேங்கா.”

அவ்வளவுதான். இதைக் கேட்கவா முழங்கால் வரைக்கும் வேட்டியை நனைத்துக்கொண்டார் என்று எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.