கவாத்து செய்த டெய்சி

கல்யாணமாகிக் காமயகவுண்டன்பட்டிக்கு வந்த மறுவருஷம், கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன், பங்களாத் தோட்டம் ஒன்றில் கேட்டு வாங்கிய செடியை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். டெய்சி. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். ஒருமுறை வைத்தால் வருஷா வருஷம் தூரிலிருந்து தழைத்துப் பூக்குமாம். வீட்டுக் கிணற்றை ஒட்டிய துண்டு இடத்தில் நட்டேன்.

அந்த இடத்தின்மேல் என் மாமியாருக்கு முன்பே ஒரு கண். மல்லிகை வைக்க நினைத்திருந்தார்.

“மணமில்லாத பூவத் தலையில வைக்கவா, சாமிக்குப் போடவா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தத் துண்டு மண்தான். விட்டுக்கொடுப்பேனா?

எங்களுடையது திராட்சை போடும் குடும்பம். திராட்சைக்குச் செய்வதையே செடிக்கும் செய்தேன். தொழுவுரத்தைக் கூடை கூடையாகக் கொட்டினேன், பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கினேன். இரண்டு வருஷம் இலைதான் மண்டியது. பூ ஒன்றுகூட இல்லை.

“ஏத்தா, இந்தக் கீரையக் கடைஞ்சு குழம்பு வைக்கிறியா?” என்று மாமனார் கேலி செய்தார். மாமியார் கெடுவே வைத்துவிட்டார்: “தை பொறக்கட்டும். அங்கன மல்லிதேன்.”

அந்த ஆவணியில் திராட்சைப் பந்தலில் கவாத்து நடந்தது. தண்ணீரை நிறுத்திக் கொடியைக் காயப்போட்டு, குறைத்து வெட்டினால்தான் குலை தள்ளும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். உரத்தையும் தண்ணீரையும் ஊட்டிவிட்டு, இதை மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறேன்! என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

கத்தரியை எடுத்துப்போய்ச் செடியைத் தரையோடு வெட்டினேன். தூரைத் தோண்டிப் பிரித்ததில் பதினொரு கன்று கிடைத்தது. மண்ணை மேடாகக் கட்டி, தள்ளித் தள்ளி நட்டேன். உரம் கிடையாது. மண் காய்ந்தால்தான் தண்ணீர்.

“செடியவே கொன்னுபுட்டியே” என்றார் மாமியார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மார்கழிப் பனி இறங்கியதும் மொட்டு வந்தது. பாதி மாதத்தில் கிணற்றடியே வெள்ளையாகிவிட்டது. முற்றிய பூவைக் கிள்ளக் கிள்ள, புதிதாக வந்துகொண்டே இருந்தது. டவுன் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வந்து பார்த்துவிட்டுக் கன்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் மட்டும் செடிப் பக்கம் திரும்பாமலே தண்ணீர் இறைத்துப் போனார்.

மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ குத்தி வைப்பது அவர் வேலை. வேறு பூவைச் சேர்க்கவே மாட்டார். ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்தேன். கோலத்தில் ஏழு உருண்டை. ஏழிலும் என் டெய்சி.

“பூசணி இன்னிக்குப் பூக்கல” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “மல்லிய வேற எங்கனயாச்சும் ஊனிக்கிறலாம்.”

கொல்லையை எட்டிப் பார்த்தேன். பூசணிக்கொடியில் மஞ்சள் மஞ்சளாக இருபது பூவாவது விரிந்திருந்தது.