தழும்பு விழுந்த தட்டுகள்

அப்பா இறந்த வாரத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்பினார்கள். காரணம் அம்மா. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா சிடி தொழிற்சாலைக் கதையை ஆரம்பித்துவிடுவார். அழ வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கதை கேன்டீனுக்கு வந்து சேர்ந்ததும் வெடித்துச் சிரித்துவிடுவார்கள்.

அப்பா வாழ்நாள் முழுக்க லேசரை வைத்துத்தான் பிழைத்தார். சிடிக்கு மவுசு போன பிறகு கண் மருத்துவமனைகளின் லேசர் கருவிகளைப் பழுதுபார்த்தார். வேலை செய்யும்போது ராகம் தெரியாமல் முனகுவார். அளந்து வந்த எண்ணை யாருக்காகவும் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். வீட்டுத் தராசில் அம்மாவின் எடையைப் பார்த்து உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். சிடி காலத்தில் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டதும் அந்தக் குணம்தான்.

அப்போது அவருக்குக் கல்யாண வயது. எழுதக்கூடிய சிடி தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில், சோதனை அறையில் வேலை. செய்து முடித்த தட்டுகளில் சிலவற்றை எடுத்து லேசர் கருவிக்குள் வைத்து, முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டும். எழுதுவது பாட்டோ படமோ இல்லை. தினமும் ஒரே சோதனைக் குறி, அர்த்தமே இல்லாதது. ஆனாலும் அங்கே அவருக்கு ‘எழுத்தாளர்’ என்று பட்டம். வைத்தவர் தட்டு வார்க்கும் மோல்டிங் இயந்திரத்தில் இருந்த அண்ணன், பருத்த ஆள், வாய் அதைவிடப் பெரிது. எழுத்தாளர் இன்றைக்கும் நேற்றைய கதையையே எழுதியிருக்கிறார் என்று சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் அறிவிப்பார்.

சோதனை அறைக்கும் பூச்சு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அம்மா. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி. வெளியே தெரிந்தது இரண்டு கண்கள் மட்டும். அப்பா காலியாவதற்கு அவை போதுமாக இருந்தன.

அம்மாவின் வேலை பார்க்கச் சின்னதாகத் தெரியும். வெறும் பிளாஸ்டிக் தட்டைச் சுழல்மேடையில் வைப்பார். மேடை மெதுவாகச் சுற்றத் தொடங்கும். ஒரு மெல்லிய குழாய், நடுத்துளையை ஒட்டிச் சாயம் கலந்த பாலிமர் கரைசலை வளையமாக ஊற்றும். பிறகு வேகம் ஏறும். நீலப்பச்சைக் கரைசல் விளிம்பை நோக்கி ஓடிப் பரவும். மிச்சம் தெறித்துப்போகும். தட்டின் மேல் தலைமுடியைவிடப் பலநூறு மடங்கு மெல்லிய படலம் ஒன்று நிற்கும். லேசர் பிறகு சுட்டு எழுதுவது அந்தப் படலத்தில்தான். அதற்கு மேல் வெள்ளி, வெள்ளிக்கு மேல் வார்னிஷ் எல்லாம் வரும். ஆனால் படலம் சொதப்பினால் மேலே எதைப் பூசியும் பயனில்லை. நிறம் பரவும் அந்த நொடியில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்பாவும் பிடித்துக்கொள்வார்.

அம்மா அந்த மேடைக்குச் சும்மா வந்துவிடவில்லை. சாலைக்கு எதிர்ப்புறக் கட்டிடத்தில் பேக்கிங் பிரிவில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர். பூச்சு வேலை கற்றுக்கொடுங்கள் என்று சூப்பர்வைசரைப் போகிற இடமெல்லாம் மறித்து, அவர் சலித்துப்போய்ச் சரி என்று சொல்லும்வரை விடவில்லை. மேடை கைக்கு வந்த பிறகு அம்மாவின் தட்டுகளில் குறை வந்தது அபூர்வம்.

அப்பா இரண்டு காரியங்களைத் திட்டமிட்டார். ஒன்று, கண்ணாடியைத் தாண்டுவது. மோல்டிங்கிலிருந்து பூச்சு அறைக்கு வெறும் தட்டுகளைத் தண்டில் கோத்துக் கொண்டுபோக வேண்டும். அது மோல்டிங் அண்ணனின் வேலை. அண்ணனுக்கு முழங்கால் வலி. அப்பா காலை நேரத்துத் தண்டுகளைத் தானே சுமக்கிறேன் என்றார். அண்ணன் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பதினைந்து அடி நடந்து, தண்டை மேடைக்குப் பக்கத்தில் வைத்து, ‘வச்சிட்டேங்க’ என்று சொல்வது. ‘சரிங்க’ என்று பதில் வரும். அன்றைய பேச்சு அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் நீட்டிக்க, கோத்திருந்த தட்டுகளின் விளிம்புகளை இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சமன்செய்வார். அவை ஏற்கெனவே சமமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று முடி. அப்பாவின் முடி பாத்திரம் தேய்க்கும் நார்போல எட்டுத் திசைக்கும் போகும். சலூன்காரரிடம் யோசனை கேட்டார். அவர் ஒரு டப்பா கிரீமை எடுத்து நீட்டி, இது சிலிக்கோன் போட்டது, பூசினால் முடி வழுக்கிக்கொண்டு நிற்கும், மேலே தண்ணீர்கூட ஒட்டாது என்றார். பூச்சு அறையின் கதவில் பவுடர், சென்ட், எண்ணெய் கூடாது என்று பலகை இருந்தது. அப்பா அதைப் படித்தார். கிரீம் அதில் இல்லை. படித்த பிள்ளை, எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அங்கி போட்டு, தொப்பி போட்டு, கையுறையும் மாட்டிக்கொண்ட பிறகு, கதவுக்குப் பக்கத்தில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வார். தொப்பிக்கு வெளியே ஒரு சுருள் நீட்டிக்கொண்டிருக்கும். கையுறை விரலால் அதை உள்ளே தள்ளுவார். பிறகு தண்டைத் தூக்குவார்.

அந்த வாரம்தான் தட்டுகளில் தழும்பு விழ ஆரம்பித்தது. கரைசல் எல்லா இடமும் பரவி, சில இடங்களில் மட்டும் ஒதுங்கிக்கொள்ளும். வட்ட வட்டமாகச் சிறு குழிகள். உள்ளே சாயமே இருக்காது. லேசருக்கு அங்கே சுடுவதற்கு ஒன்றும் இல்லை. சோதனைத் திரையில் பிழைக்கோடு ஊசி ஊசியாக எழும்பும். தட்டுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றார் மோல்டிங் அண்ணன்.

அம்மா கரைசலை மாற்றினார். வடிகட்டியை மாற்றினார். மேடையைப் பிரித்துக் கழுவினார். தழும்பு நிற்கவில்லை. தேறவில்லை என்று அறிவிக்க வேண்டியவர் அப்பா. அவர் தன் கருவியின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். லேசர் லென்ஸைத் துடைத்தார், திரும்பத் துடைத்தார், அது தேய்ந்துபோகாதது ஆச்சரியம். எண் மாறவில்லை. இருந்த எண்ணைத்தான் சொன்னார். சூப்பர்வைசர் நேர்மையான மனிதர், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அம்மா பேக்கிங்குக்கே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று மேடையில் நிறம் பரவும்போது அம்மா மூச்சைப் பிடிக்கவில்லை. பெருமூச்சு விட்டார்.

நல்லவேளை, அப்பாவுக்குப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கி நான்கைந்து நாள் வீட்டில் படுத்தார். மோல்டிங் அண்ணன் போனில் நலம் விசாரித்தார். கூடவே நல்ல செய்தி. நீ போனதிலிருந்து தட்டெல்லாம் குழந்தை கன்னம் மாதிரி வருகிறது, நீ இன்னும் ரெண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு நிதானமாக வா என்றார். அப்பாவுக்கு வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முடியவில்லை. ஆனால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முனகல் பாட்டு ஒன்று பாடியிருக்கிறார். வலி அதிகமாகிவிட்டது என்று அவருடைய அக்கா டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

திரும்பி வந்த காலையில், நல்ல செய்திக்குத் தகுந்தாற்போல் கிரீமையும் கொஞ்சம் தாராளமாகப் பூசிக்கொண்டார். தண்டைச் சுமந்தார். விளிம்பைத் தட்டிச் சமன்செய்தார். ‘இப்போ நல்லா வருதாமே’ என்று ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினார். முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் சிரித்தன. மதியத்துக்குள் தழும்பு திரும்பி வந்துவிட்டது. முன்னைவிட மோசமாக.

சூப்பர்வைசர் இனிமேல் பொறுக்க முடியாது, அம்மா நாளைக்கே பேக்கிங்குக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தழும்பு விழுந்த தட்டு ஒன்றை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். குழிகள் கண்ட இடத்தில் இல்லை. விளிம்பிலிருந்து கூட்டமாகத் தொடங்கி உள்ளே போயின. சற்றுத் தள்ளி இன்னொரு கூட்டம், அடுத்து இன்னொன்று. தன் கையை அந்தத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தார். விரலுக்கு ஒரு கூட்டம். மேலே தண்ணீர்கூட ஒட்டாது என்று சலூன்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. தண்ணீரே ஒட்டாத இடத்தில் கரைசல் எப்படி ஒட்டும்?

நாளையிலிருந்து கிரீமை விட்டுவிட்டால் தழும்பு நின்றுவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அம்மா நாளைக்கு மேடையில் இருக்க மாட்டார், பேக்கிங்கில் இருப்பார், கைராசி இல்லாதவர் என்ற பெயரோடு. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லா மேசையும் நிறைந்திருந்தது. ஜன்னலோரம் சூப்பர்வைசர், அவருக்கு எதிரில் முகமூடி இல்லாத அம்மா, பக்கத்தில் மோல்டிங் அண்ணன். அப்பா போய் நின்றார்.

“சார், தழும்புக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு.”

“என்னது?”

“நான்தான் சார். தலைக்குப் போடற கிரீம். கையுறையில பட்டு, அதோட தட்டைத் தொட்டிருக்கேன்.”

சூப்பர்வைசர் கரண்டியைக் கீழே வைத்தார். “நீங்க சோதனை அறை. வெறும் தட்டு உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

“காலையில தண்டை நான்தான் கொண்டுபோறேன்.”

“யாரு கொண்டுபோகச் சொன்னது?”

“யாரும் சொல்லலை சார்.”

“அப்புறம் எதுக்குங்க சுமந்தீங்க?”

அப்பாவிடம் ஒரு பொய்கூட இல்லை. தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை.

“அவங்களைப் பாக்கத்தான்,” என்றார்.

மோல்டிங் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “அடப்பாவி. என் முட்டியைப் பாத்துப் பரிதாபப்பட்டுத்தான் சுமக்கறேன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனேடா.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்பாவின் தலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“இவ்வளவு கிரீம் போட்டுமா படியலை?” என்றார்.

கேன்டீன் வெடித்தது. சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறித் தண்ணீர் கேட்டார். அப்பா மட்டும் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பிழைத்தோமா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை.

சூப்பர்வைசர் வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. சாப்பிட்ட கையோடு எல்லோரையும் பூச்சு அறைக்கு அழைத்துப் போனார். ஒரே வார்ப்பில் வந்த இரண்டு தட்டுகள். ஒன்றின் விளிம்பை அப்பா, முடியைத் தள்ளிய கையுறையோடு பிடித்தார். மற்றதை அவர் தொடவில்லை. அம்மா இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் வைத்தார். முதல் தட்டில் நிறம் ஓடி, விளிம்புக்கு அருகில் தயங்கி, வட்ட வட்டமாக விலகிக்கொண்டது. இரண்டாவதில் நிறம் பரவ ஆரம்பித்தபோது அம்மா மூச்சைப் பிடித்தார். படலம் விளிம்புவரை போய் நின்றது. ஒரு குழி இல்லை. அம்மா முகமூடிக்குள் சிரித்தது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா மேடையிலேயே இருப்பார் என்று சூப்பர்வைசர் அங்கேயே சொன்னார். எழுத்தாளர் இனிமேல் இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றும் சொன்னார். கதவுப் பலகையில் கிரீம் ஏறியது. அதற்குக் கீழே அப்பாவின் படத்தையும் ஒட்டலாம் என்று மோல்டிங் அண்ணன் யோசனை சொன்னார்.

மறுநாள் அப்பா தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடி எட்டுத் திசைக்கும் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடை காலியாக இருந்தது. அம்மா லீவோ, கோபமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது சோதனை அறைக் கதவு திறந்தது. அங்கி இல்லாமல், முகமூடி இல்லாமல், கையில் வார்னிஷ் வரை முடிந்த தட்டு ஒன்றோடு அம்மா.

“உள்ள வரக் கூடாதுன்னாங்களே,” என்றார் அப்பா, எழுந்து நின்று.

“உங்களுக்குத்தான் என் ரூம்ல தடை. எனக்கு இங்க யாரும் தடை போடலையே. இதை எழுதிக் காட்டுங்க, நான் பாத்ததே இல்லை.”

அப்பா முக்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் போட்டார். தட்டை வைத்தார். லேசர் உள்வட்டத்திலிருந்து எழுதத் தொடங்கியது. அவருக்குப் பேச்சு வந்தது. வெளிச்சம் படலத்தை எப்படிச் சுடுகிறது, சுட்ட இடமும் சுடாத இடமும் எப்படி எழுத்தாகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார். பேக்கிங்கில் இருந்த காலத்திலேயே அம்மா இதையெல்லாம் படித்துவிட்டார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். திரையில் பிழைக்கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அம்மா தன் படலத்தின் மேல் எழுத்து ஏறுவதை முதல்தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா திரையைப் பார்க்கவில்லை.

எழுதி முடித்த கருவி தட்டை வெளியே தள்ளியது. எடுக்க ஆள் இல்லாமல் அது வெகுநேரம் நீட்டிக்கொண்டே இருந்தது.