ஆறு பின்னோக்கிப் போன ஞாயிற்றுக்கிழமை

கடற்கரையைச் சுற்றிக் காட்ட மேலப்பாளையம் மீரா முகைதீனை விட்டால் இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினெட்டு வருஷம் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டி, ஊருக்கு வந்து சொந்தமாக ஒரு வேனை வாங்கி வாசலில் நிறுத்தியவர். தேரிக்காட்டுச் செம்மணல் எந்நேரம் ரத்தச் சிவப்பாகத் தெரியும், மணப்பாட்டுப் பாறையில் எங்கே நின்றால் அலை முகத்தில் தெறிக்கும், எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. அலைந்து அலைந்து அவரே கண்டுபிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தவர்கள் பாளையங்கோட்டை அம்மையப்பனும் அவர் மனைவி சொர்ணாம்பாளும். அம்மையப்பன் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, கையைப் பிடித்துத்தான் நடத்த வேண்டும். விடியலில் மணப்பாடு பார்த்துவிட்டு, ஒன்பதரை மணிக்குப் புன்னக்காயல் வந்து சேர்ந்தார்கள். ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. அதைப் பார்க்க வேண்டும் என்பது அம்மையப்பனின் ஆசை.

வள்ளக்காரர் எலியேசர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நாங்க வள்ளத்தை இறக்க மாட்டோம்னு உமக்குத் தெரியாதா வே? நாளைக்கு வாரும்."

"எதுக்கு வள்ளம்? முட்டளவு தண்ணிதான கெடக்கு. நடந்தே கூட்டிட்டுப் போயிருதேன்."

"இன்னைக்கு அமாவாசை, பாய். மத்தியானம் வரைக்கும் கடல் ஏறும்."

மீரா முகைதீன் வாய்விட்டுச் சிரித்தார். "தாமிரபரணியப் பத்தி எனக்கே சொல்லுதீராக்கும்! தொட்டில்ல கெடந்ததவிட அந்த ஆத்துல கெடந்ததுதான் அதிகம். பாபநாசத்துல அணையை அடைச்சிருக்கான். மலையில ஒரு தூத்தல் கெடையாது. பெறவு தண்ணி எங்கேருந்து வே வரும்?"

கோயில் மணி அடித்துவிட்டது, எலியேசர் போய்விட்டார்.

முட்டளவு வாய்க்காலைக் கடந்து போனால், திட்டு அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் கூட்டமாகக் கொக்குகள். சொர்ணாம்பாள் உட்கார்ந்து சிப்பி பொறுக்கினார். அம்மையப்பன் கைபேசியில் படம் எடுத்துத் தள்ளினார். ஊரே கோயிலில் இருந்ததால் ஆற்றிலும் கடலிலும் ஒரு படகு இல்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தாங்கள் கடந்துவந்த வாய்க்காலில் ஒரு தேங்காய் மட்டை மிதந்து போவதை மீரா முகைதீன் பார்த்தார். மட்டை கடலுக்குப் போகவில்லை. கடலிலிருந்து மேற்கே, மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் அந்தத் தண்ணீர் மேற்கே ஓடி அவர் பார்த்ததில்லை. திட்டின் ஓரத்தில் கழற்றிப் போட்ட செருப்புகளைக் காணோம்.

"வரும்போது இந்த எடம் காஞ்சு கெடந்துச்சே, பாய்?" என்றார் அம்மையப்பன்.

"அலை அடிச்சிருக்கும் சார்வாள். இப்ப வத்திரும்."

சொல்லிவிட்டு வாய்க்காலில் இறங்கிப் பார்த்தார். ஐந்தாவது எட்டில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, காலை வாரியது. அவர் ஒருத்தர் என்றால் நீந்திவிடலாம். திரும்பி வந்து எலியேசருக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும். 'யா அல்லா' என்று உதடு தானாக முணுமுணுத்தது.

திட்டு இப்போது வேன் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூவரும் மேட்டில் நெருக்கி நின்றார்கள்.

"உண்மையச் சொல்லும் பாய்," என்றார் அம்மையப்பன். "இன்னும் எவ்வளவு ஏறும்?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "தெரியல சார்வாள். எனக்குக் கடலு தெரியாது. ஆத்தை நம்பிக் கூட்டியாந்துட்டேன்."

அம்மையப்பன் ஏசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நீரு நீந்திப் போயி ஆளைக் கூட்டிட்டு வாரும்," என்றார்.

"போயிராதிய," என்று சொர்ணாம்பாள் மீரா முகைதீனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "எனக்குக் கால் நிக்க மாட்டேங்கு. அவுக ஒருத்தரால என்னையத் தாங்க முடியாது."

போனால் இந்த அம்மா விழுந்துவிடும். போகாவிட்டால் மூன்று பேருக்கும் என்ன ஆகுமோ. மீரா முகைதீன் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் போனைத் தலைக்கு மேல் பிடித்து விரலால் தடவித் தடவி அழுத்தினார். தண்ணீர் அந்த அம்மாவின் முழங்காலைத் தாண்டியபோது எலியேசர் போனில் மணி போனது.

"இப்பதான் பூசை முடிஞ்சுது. என்ன வே?"

"எலியேசரு, திட்டுல மாட்டிக்கிட்டோம். நீரு சொன்னதுதான் சரி. எனக்காவ வேண்டாம், பொம்பளையாளு இருக்கு. வள்ளத்தை இறக்கும்."

"அந்தம்மா கையை விட்டுராதேயும்," என்ற குரல் மட்டும் வந்தது.

வள்ளம் வந்து சேர்ந்தபோது தண்ணீர் இடுப்பில் இருந்தது. கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு எலியேசர் குதித்து, முதலில் சொர்ணாம்பாளைத் தூக்கி ஏற்றினார். "பாபநாசத்துல அணையைத் தொறந்துட்டானோ, பாய்?" என்று கேட்டார். மீரா முகைதீனால் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. சொர்ணாம்பாள் கரை வரை அவர் மணிக்கட்டை விடவில்லை. அங்கே நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

இன்றைக்கும் வேன் ஓடுகிறது. தேரியில் பேசுவார், மணப்பாட்டுப் பாறையில் பேசுவார், கேட்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். புன்னக்காயலில் மட்டும் முதலில் எலியேசர் வீட்டுக்குப் போய், "கடல் ஏறுதா, எறங்குதா?" என்று கேட்பார். வள்ளத்தில் ஏறியதும் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பார். யார் என்ன கேட்டாலும், கரையில் கால் வைத்த பிறகுதான் பதில்.