பத்துக்கு ஒரு இலை

நான் கணிதத்தில் பட்டம் பெற்றவன். எண்பதுகளில் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். ஒரு லாட் சரக்கில் நூல் சுற்றிய கோன்கள் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்து, லாட் முழுவதற்கும் நான் எழுதிய முடிவை முதலாளி உட்பட எவரும் கேள்வி கேட்டதில்லை. என் மகள் திருமணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். சம்பந்தி முன்னால் பந்தியில் பெயர் கெடக் கூடாது என்பதே என் கவலை. சோறு குறைந்தாலும் இழுக்கு. அண்டா அண்டாவாக மிஞ்சிக் குழியில் கொட்டினாலும் இழுக்கு. ஆகவே நூலுக்குச் செய்ததையே விருந்தினருக்கும் செய்தேன். பத்திரிகை வைத்த முந்நூறு வீடுகளில் முப்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, நேரில் சென்று, முகூர்த்தம் முடிந்து மண்டபத்தில் சாப்பிடுவீர்களா என்று ஒரே விதமாகக் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? அட்சதையப் போட்டுட்டு அப்பிடியே கெளம்பிருவோம்."

இருபத்தேழு வீடுகளில் இதுவே பதில். சம்மதித்தவை மூன்று, மூன்றும் மணமாகாதவர்கள் சேர்ந்து தங்கியிருந்த அறைகள். முப்பதுக்கு மூன்று எனில் முந்நூறுக்கு முப்பது. வீட்டுக்கு ஐந்து இலை வீதம் நூற்றைம்பது.

சம்பந்தியிடமும் கேட்டேன். "எங்களப் பத்தி எதுக்கு வெசனம்? நாங்க என்ன திங்கவா வாரோம்?" என்றார். 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன்.

என் மனைவி குறுக்கிட்டாள். "ஏங்க, வீடு தேடி வந்து சாப்பிடுவீகளான்னு கேட்டா, ஆமா திம்போம்னு யாராச்சும் சொல்லுவாகளா? நாமளே சொல்லுவமா?"

ஒருவருடைய அபிப்பிராயத்தைக் கொண்டு முப்பது வீடுகளின் பதிலைத் திருத்தும் முறை புள்ளியியலில் இல்லை என்று விளக்கினேன்.

தாலி கட்டி முடிந்ததும் மண்டபமே பந்திக்கு எழுந்தது. முதல் வரிசையில், வேண்டாம் என்று சொல்லியிருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இலைக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். தாங்கள் சாப்பிடுவதாக இல்லையே என்றேன்.

"அது வீட்ல வச்சுக் கேட்டீக. இங்க இலையில்ல போட்டிருக்கு! ஏலே, அப்பளத்த இந்தப் பக்கம் கொண்டா."

இரண்டாம் பந்தியில் அண்டாக்கள் காலி. அப்போதுதான் சம்பந்தி வந்தார். மாப்பிள்ளை வீட்டாரைக் கைகூப்பி அழைத்த பிறகே அவர்கள் பந்தியில் அமர்வது வழக்கம். 'இல்லை' என்று குறித்திருந்ததால் நான் அழைக்கவில்லை.

"இன்னும் யாரும் கூப்பிடலையே, சம்பந்தி?"

"திங்கவா வாரோம் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

"அதுக்காக? அங்க என் வீட்டுக்காரி, பொண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம், மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறுதேன்னு நிக்கா!"

என் கையிலிருந்த கணக்கை அவரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. அதற்குள் என் மனைவி ஓட்டலுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அன்று மாலை மகள் மாப்பிள்ளையோடுதான் பஸ் ஏறினாள்.

மாப்பிள்ளை வீட்டாரை நான் பட்டினி போட்டு அனுப்பியதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. பஸ் ஸ்டாண்டு ஓட்டலிலிருந்து பூரி பார்சல் வந்தது. மண்டபத்திலேயே, வாழை இலையில், என் கையால் பரிமாறப்பட்டது.