படத்தில் தொண்ணூற்றேழு, ரோட்டில் தொண்ணூற்றுமூன்று

டயரை மாற்றச் சொன்னது நீங்கள்தான் சார். என் கடையில், என் கண் முன்னால், பட்டப்பகலில். இன்று டயர் வெடித்த பழியை டிரைவர் அருள்தாஸ் தலையில் பாதி, என் தலையில் பாதி என்று பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, நீங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முறிந்த கையின் கட்டைப் பிரித்து ஒரு மாதமாகியும் அருள்தாஸிடம் ஒருவரும் கார்ச் சாவியைக் கொடுப்பதில்லை. உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டயர் வியாபாரம் ரப்பர் விற்கிற வேலை இல்லை. வருகிற ஆள் எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிக்கிற வேலை. தாம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பஞ்சர் ஒட்டி, அடி வாங்கி, ஏமாந்து, ஏமாந்ததற்கும் திட்டு வாங்கி முடிச்சூர் ரோட்டில் கடை போட்டவன் நான். கல்லாவில் உட்கார்ந்து காலையிலிருந்து வாய் வறளப் பேசுகிற என் கூட்டத்தாரே, கீழே இருப்பதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

மீதி ஆயிரம் கிலோ

சேலையூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஐ.டி. வேலை, பழைய ஸ்போர்ட்ஸ் கார், புதுச் சந்தோஷம். டயர் அளவைச் சொல்வதற்கு முன்னாலேயே போனில் ஒரு விலையைக் காட்டினார். அளவுக்கு முன் விலை பேசுகிறவர் மேல் எனக்குச் சந்தேகம். பார்த்தால், அவர் காட்டிய டயரில் எண் குறைவு.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், அந்த ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பது. எழுத்து, எவ்வளவு வேகம் தாங்கும் என்பது. தொண்ணூற்றேழு என்றால் எழுநூற்று முப்பது கிலோ. தொண்ணூற்றுமூன்று என்றால் அறுநூற்றைம்பதுதான். அளவு ஒன்றே, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், விலை மட்டும் வேறு. கார் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. போய், விபத்தும் ஆகிவிட்டால், வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று இன்சூரன்ஸ்காரர் பேனாவைத் திறப்பார். வேகத்தில் பிரேக் அடித்து வளைத்தால் மொத்தப் பாரமும் முன்பக்கத்து ஒரு டயர் மேல் வந்து உட்காரும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். தம்பி பொறுமையாகக் கணக்குப் போட்டார். "நாலு டயரும் சேர்ந்து ரெண்டாயிரத்து அறுநூறு கிலோ தாங்குதுண்ணா, என் காரே ஆயிரத்து அறுநூறுதான். மீதி ஆயிரம் கிலோவுக்கு நான் இன்னா சிமென்ட் மூட்டையா ஏத்தப்போறேன்?"

பம்பர் வரவில்லை

பெரும்பாக்கம் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி டயர் கிழிந்த காரோடு ஒரு டாக்டரம்மா வந்தார். சிவப்புக் கார், தரையை ஒட்டி ஓடுகிற ஜாதி. டயர் வாயைப் பிளந்திருந்தது. பம்பரில் ஒரு கீறல் இல்லை. "இன்சூரன்ஸ்ல கிடைக்குமா?" என்று கேட்டவுடனேயே, பொய் பில் கேட்க வந்திருக்கிறார் என்று முடிவு கட்டி நான் குரலை உயர்த்திவிட்டேன். டயர் மட்டும் கிழிந்தால் சாதாரண பாலிசியில் ஒன்றும் வராது, வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயர் விலையில் பாதி, டயருக்கென்று தனியாகக் கட்டியிருந்தால் வேறு கதை, என் கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று ஒரே மூச்சில் கத்தினேன்.

பாவம், அந்த அம்மா விவரம் கேட்கத்தான் வந்திருந்தார். முழுவதையும் கேட்டுக்கொண்டு, புது டயர் போட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "அப்போ பள்ளத்துல இறங்கும்போதே பம்பரையும் துணைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும், இல்லீங்களா?"

ரோட்டில் யார் பார்ப்பது

இப்போது உங்களிடம் வருகிறேன் சார். இரண்டு கதவு நீலக் கார். ஓட்டி வந்தவர் பம்மல் அருள்தாஸ். ஆக்டிங் டிரைவர்; ஏஜென்சி கூப்பிடுகிற அன்றைக்கு, கூப்பிடுகிறவர் காரை ஓட்டிக் கொடுப்பவர். பெரிய பெரிய கார்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாவி கொடுத்த கை அது. உங்கள் பாலிசி தேதி கடந்துவிட்டது. அப்படி விட்டுப்போனால் ஆள் வந்து வண்டியைப் பார்த்து, படம் எடுத்த பிறகுதான் புதியது போடுவார்கள். உங்கள் காருக்குப் புத்தகத்தில் சொன்னது தொண்ணூற்றேழு. காரில் இருந்தது தொண்ணூற்றுமூன்று. நான் சொன்னேன். மறுபேச்சில்லாமல் நாலு புது டயர் போடச் சொன்னீர்கள். விலையைக்கூடக் கேட்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கழற்றிய நாலையும் "அப்புறம் எடுத்துக்கறேன்" என்று என் கடையிலேயே விட்டீர்கள். படம் எடுக்கிறவரும் என் கடைக்கே வந்தார். நாலு சக்கரத்திடமும் மண்டியிட்டு, எண் தெரியப் படம் எடுத்தார். அருள்தாஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நீங்கள் என் தோளில் கை போட்டுச் சொன்னீர்கள்: "பேப்பர்ல எல்லாம் கரெக்டா இருக்கணும் பாஸ். ரோட்டுல குனிஞ்சு யாரு பாக்கப்போறாங்க?"

என் குரல் செலவான விதம்

மூன்றாம் நாள் தனியாக வந்தீர்கள். அருள்தாஸ் இல்லை. புது டயரில் சத்தம் வருகிறது, பழையதையே மாட்டிவிட்டு இதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். நான் ஒரு விலை சொன்னேன். சரி என்றீர்கள். ஏதோ மறந்தது போல இன்னும் குறைத்தேன். அதற்கும் சரி. மூன்று நாள் ஓடிய டயரை அந்த விலைக்கு வாங்கிய ஆள் தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரை கிடையாது. அந்தக் குஷியில் எனக்குக் கண் தெரியவில்லை.

மறைக்கப்போவதில்லை. "எண் கம்மி சார், பார்த்துப் போங்க" என்று ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொன்னேன். உரத்த குரல் முழுவதையும் விலைக்குச் செலவழித்துவிட்டேன். கார் தெருமுனை தாண்டியதும், பதினைந்து வருஷமாக என்னிடம் ஃபிட்டராக இருக்கிற மூர்த்தி ஸ்பானரைக் கீழே போட்டார். "இன்னாண்ணா, போட்டோ புட்ச்ச மூணாம் நாளே டயரு கத்துதாமா? அந்தாளு சொல்றான், நீயும் துட்டு எண்ணிக்கினு நிக்கிற!"

சர்வேயர் பார்த்த அதிசயம்

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, படப்பை தாண்டி ஒரு வளைவு. ஓட்டியது அருள்தாஸ். பக்கத்தில் நீங்கள், பின்னால் உங்கள் நண்பர்கள் இரண்டு பேர். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்பக்கத்து இடது டயர் வெடித்தது. கார் நடுத்தடுப்பில் ஏறி நின்றது. உங்களுக்கெல்லாம் சிராய்ப்பு, அருள்தாஸுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு கடிதம் எழுதிவிட்டீர்கள். டிரைவர் தாறுமாறாக ஓட்டினார் என்று ஏஜென்சிக்கு ஒன்று. உங்களுக்குத் தெரியாமல் இந்த டயர்க் கடைக்காரன் மட்டமான டயரை மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று இன்சூரன்ஸுக்கு ஒன்று. ஏஜென்சி அன்றே பட்டியலிலிருந்து அருள்தாஸ் பெயரை அடித்துவிட்டது.

இன்சூரன்ஸ் சர்வேயர் ஒரு கையில் அந்தப் படங்களோடும் இன்னொரு கையில் வெடித்த டயரின் படத்தோடும் கடைக்கு வந்தார். ஒன்றில் தொண்ணூற்றேழு, மற்றதில் தொண்ணூற்றுமூன்று. திருடனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன், பழக்கதோஷம். கடைசியில் ரேக்கின் மேல்தட்டைக் காட்டினேன். விற்காமல் கிடந்த நாலு டயரும், தயாரான வாரமும் வருஷமும் அச்சடித்த எண் மாறாமல், படத்தில் இருந்தபடியே இருந்தன. அவர் ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். "திருட்டுப் போன டயரைத் தேடியிருக்கேன். படத்துக்கு போஸ் குடுத்துட்டு மறுபடி கடைக்கே வந்து படுத்துக்கிட்ட டயரை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

இடது கையில் டீ

இரண்டாவது வாரம் அருள்தாஸ் வந்தார், வலது கை கழுத்தில் தொங்க. நஷ்டஈடு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, கேட்பதற்கு முன்பே நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன். என் புத்தி அப்படி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. இடது கையால் டீ கிளாஸைப் பிடிக்கத் தெரியாமல் சட்டையில் சிந்திக்கொண்டார். ரேக்கில் இருந்த நாலு டயரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்த பாஷை அது. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நீங்க புதுசு மாட்டினதை நான் கூட நின்னு பாத்தேன்ல, அந்த நம்பிக்கையிலதாண்ணா சார் மிதி மிதின்னப்போ மிதிச்சேன். கழட்டின அன்னிக்கு எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா, அந்த வளைவுல முப்பதைத் தாண்டியிருக்க மாட்டேன்."

இரண்டே வரி

அவர் போனதும் பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். எந்தத் தேதியில் எந்த டயரைக் கழற்றினேன், எதை மாட்டினேன், எண் குறைவு என்று தெரிந்தே மாட்டினேன் என்று பில்லோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டு சர்வேயரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதியை ஏஜென்சிக்கும் எடுத்துப் போனேன். கடைப் பெயர் கெடும், கெடட்டும். ஆனால் ஏஜென்சிக்காரர் அதைப் படித்துவிட்டு, "ஓனர் குடுத்த கம்ப்ளெய்ன்ட்டை ஓனர்தான் வாபஸ் வாங்கணும் சார், டயர் கடை லெட்டரை வெச்சு நாங்க என்ன பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகையால், சார், ஏஜென்சிக்கு இரண்டே வரி எழுதுங்கள்: டயரை மாற்றச் சொன்னது நான், அருள்தாஸுக்கு அது தெரியாது. எழுதினால் உங்கள் கிளெய்ம் போகும், தெரியும். கார் போனால் நீங்கள் இன்னொரு கார் வாங்குவீர்கள். பெயர் போனவருக்கு இந்தப் பக்கத்தில் யாரும் ஸ்டியரிங் கொடுப்பதில்லை. டயர் விற்கிறவனே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு உலகம் கெட்டுவிட்ட பிறகு நீங்கள் மட்டும் எதற்குக் கூச்சப்படுகிறீர்கள், பேனாவை எடுங்கள்.