பால்மாவு கரைத்த எட்டு நாட்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தேன். மூடுபனிதான் துணை.

மாமனார் இளவயதிலேயே மாரடைப்பில் போனவர். அதனால் மதுரை மருத்துவர் என் மகனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தபாலில் வந்த தாளில், கொழுப்பு கூடுதல் என்றிருந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஓடிக் கணவரிடம் காட்டினேன்.

“படிச்சவ நீதானே, நீயே பாரு. எனக்குச் சோலி கிடக்கு.”

அவன் குடிப்பது என் பால் மட்டும்தானே; அதுதான் பிள்ளைக்கு விஷம் என்று நம்பிவிட்டேன். ஓடைத் தண்ணீரில் பால்மாவு கரைத்தேன். அவன் மார்பைத் தேடி அழுவான். நான் நனைந்த ரவிக்கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எட்டாம் நாள் வயிற்றுப்போக்கு. துவண்ட பிள்ளையை லோடு ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன். உப்பு சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய நர்சம்மா, நான் நீட்டிய தாளைப் பார்த்து அதட்டினார்.

“ஏ ஆத்தா, இதுல சரியான அளவுன்னு போட்டிருக்கது பெரியவுகளுக்கு உள்ளது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ரத்தத்துல கொழுப்பு கூடத்தான் இருக்கும். டப்பாப்பால்ல குறையும், அதுக்காக அது ஒசத்தியா? வெரசா மார்ல போடு.”

முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. அவன் விடாமல் சப்பினான். பால் வந்தது.

இப்போதும் மருத்துவத் தாள் எது வந்தாலும் நான் தனியாகப் படிப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டிவிடுகிறேன்.