முன்னறை விருந்தாளி

ஓட்டல் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி அக்கா. அவர் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. முகமும் ஏறக்குறைய அப்படித்தான் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். நகரத்துப் பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளராக ஆனவர். படுக்கைத் துணிகளை அடுக்கி வைத்திருந்த நிலவறைதான் அவருடைய இடம். அதற்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்பதை, வேலைக்கு வரும் பெண்களின் தலைமுடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

புதிதாகச் சேரும் பெண்களை அவர் அதிகம் படுத்தமாட்டார். இரண்டே விஷயம் சொல்வார். தங்கியிருப்பவர் கண்ணில் நாம் படக்கூடாது. அவருடைய பெட்டிக்குள் நம் கை போகக்கூடாது. நாற்காலியில் சட்டை கிடந்தால் மடித்துப் பெட்டியின் மேல் வைக்கலாம். பெட்டி வாயைப் பிளந்து கிடந்தாலும் அதிலிருந்து எதையும் எடுத்து அலமாரியில் மாட்டக்கூடாது. அலமாரியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணிப்பு. துணியைத் தானே எடுத்து மாட்டியவர் கொஞ்ச நாள் இருப்பார். மாட்டாதவர் எந்த நேரமும் கிளம்பிவிடுவார்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருமுறை ஓட்டல் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே அழுக்குத் துணி வண்டியோடு மாட்டிக்கொண்ட அக்காவிடம் கதவுக்கு வெளியே இருந்து பேச்சுக் கொடுத்தவர். அந்தப் பேச்சு கல்யாணத்தில் போய் முடிந்தது. கதவைத் திறக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்காது, மனுஷன் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்பது அக்காவின் சந்தேகம். அவர் அதை மறுத்ததே இல்லை.

வெளிநாட்டுக் கிராமத்தில் ஒரு விடுதி என்ற யோசனை கணவருடையதுதான். “ஒருத்தர் பாதாளத்துல, இன்னொருத்தர் லிஃப்ட் கிணத்துக்குள்ள. இப்படியே ஆயுசு போயிடும் போல இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே இளையவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதால் பழைய வீடுகள் சல்லிசாகக் கிடைக்கின்றன என்று, கூட வேலை பார்த்த ஒருவர் படம் காட்டினார். சரிவில் ஒரு கல் வீடு. மாடியில் ஐந்து அறைகள், பின்னால் கோழிக்கூடு, காய்கறி போட மண். நாலு சட்டை, இரண்டு பாத்திரம், வந்து போகிறவர்களுக்கு ஒரு படுக்கை, அது போதும் என்று முடிவு செய்தார்கள். நகரத்து வீட்டை விற்றார்கள். அதைக் காலி செய்ததும் அக்காதான். ஓட்டல் அறையைக் காலி செய்யும் அதே கையோடு, மகளுடைய பள்ளிக்கூடப் பை முதல் பழைய போர்வை வரை ஒன்றுவிடாமல் கொடுத்து முடித்தார்.

மகள் அப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். சேதி கேட்டு, போனில் “அப்ப நான் வந்தா எங்க வர்றது?” என்று கேட்டாள்.

“அஞ்சு ரூம் இருக்குடி. எதுல வேணும்னாலும் வந்து படு.”

“எதுல வேணும்னாலும்னா எதுவும் என்னோடது இல்லன்னு அர்த்தம்,” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

எளிய வாழ்க்கைக்கு இத்தனை வேலை இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. விறகு பிளக்க வேண்டும், கூரை ஒழுகும், கழிவுநீர்த் தொட்டி நினைத்தபோது பொங்கும். லிஃப்ட்காரர் ஏணியில் நின்றபடி, எளிமையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் தேவலை என்பார். ஆனால் வந்தவர்களோடு உட்கார்ந்து, தெரிந்த பத்து வார்த்தையையும் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். அக்காவால் அது முடியவில்லை. விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்ததும் அடுப்படிக்குள் போய்விடுவார். அவர்கள் உலாவப் போனதும் மாடி ஏறி, திரும்பி வருவதற்குள் அறையைப் புதிதாக்கிவிட்டு இறங்குவார். இந்த வீட்டில் தேவதை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கிழவர் கேட்டாராம். அக்காவுக்கு அது பெரிய பாராட்டு.

நான்காவது வருடம் மகள் அப்பாவுக்குத் தனியாகப் போன் செய்தாள். புருஷன் அடிக்கிறவனில்லை, குடிக்கிறவனில்லை. அவள் அங்கே இருப்பதே அவன் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். “அந்த வீட்ல ஒரு ஓரமா உக்காந்திருக்கேன்பா. அங்க வந்துடலாமான்னு பாக்கறேன்,” என்றாள்.

அவர் கோழிக்கூட்டுப் பக்கம் போய் மனைவியிடம் சொன்னார். அக்கா கையிலிருந்த தீவனத்தை மொத்தமாக ஒரே இடத்தில் கொட்டிவிட்டார்.

“வரட்டும். வந்து இங்கயே இருக்கட்டுங்க.”

“நீ எதுவும் கேக்காத. இருக்கப் போறியா, போகப் போறியான்னு கேட்டா விரட்டுற மாதிரி இருக்கும். அவளா சொல்லட்டும்.”

மகள் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கனம். மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, இவ்வளவு கனத்தைத் திரும்ப எடுத்துப்போக யாரும் கொண்டுவரமாட்டார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியது. சரிவு முழுக்கத் தெரியும் முன்னறையைத்தான் அவளுக்குத் தயார் செய்திருந்தார். அதிக வாடகை வருவது அந்த அறைக்குத்தான். வெள்ளை விரிப்பு, மடித்த துண்டுகள், கண்ணாடிக் குவளை, காலி அலமாரியில் ஒரே பக்கம் பார்த்த துணி மாட்டிகள். மகள் வாசலிலேயே நின்று பார்த்தாள். செருப்போடு உள்ளே வரலாமா என்று கேட்டாள். அக்கா அதைக் கேலி என்று நினைத்துக்கொண்டார்.

தினமும் காலையில் மகள் அப்பாவோடு பால் வாங்கப் பக்கத்துப் பண்ணைக்கு நடப்பாள். அந்த நேரத்தில் அக்கா மாடி ஏறுவார். கசங்கிய விரிப்பை மாற்றுவார். கவிழ்த்து வைத்த புத்தகத்தில் துண்டுக் காகிதம் செருகி மூடி வைப்பார். தரையில் கிடந்த சட்டையை மடித்து, திறந்து கிடக்கும் பெட்டியின் மேல் வைப்பார். கடைசியாக அலமாரியைத் திறந்து பார்ப்பார். மாட்டிகள் வைத்தபடியே இருக்கும். இன்னும் முடிவு செய்யவில்லை போல என்று இறங்கிவிடுவார். ஒருநாள் பெட்டியில் மேலாகக் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மாட்டியே விடலாம் என்று கை போனது. அப்படிச் செய்வது அவளைப் பிடித்து நிறுத்துவது போலாகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டார்.

பேச்சு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மகள் கோழிகளுக்குப் பேர் வைத்தாள். அப்பாவிடம் அந்த நாட்டு வார்த்தைகள் கற்றுக்கொண்டாள். முதலில் கற்றது விருந்தாளி என்ற வார்த்தை. வெளிக்கதவுப் பலகையில் பெரிதாக எழுதியிருப்பதே அதுதான். பாத்திரம் துலக்க வந்தால் மட்டும் அக்கா விடமாட்டார். “நீ போய் வெயில்ல உக்காரு,” என்று துரத்துவார். மனசு களைத்து வந்த பிள்ளை, கொஞ்சம் உட்காரட்டும் என்று நினைத்தார்.

இரண்டாவது வாரம் ஒரு குடும்பம் போன் செய்து முன்னறை வேண்டும் என்று கேட்டது. போன வருடமும் வந்தவர்கள்தான். அக்கா அசையவில்லை. மகளுடைய அறையை யாருக்கும் விடுவதாக இல்லை. தனக்குத் தெரிந்த அந்த நாட்டுப் பாஷையில், இத்தனை காலம் சொல்லிப் பழகிய வாக்கியத்தைச் சொன்னார்: அந்த அறையில் விருந்தாளி இருக்கிறார், எப்போது காலியாகும் என்று தெரியாது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அடுப்படி வாசலில் மகள் முட்டைக் கூடையோடு நின்றிருந்தாள். கூடையை மேசையில் வைத்தாள். மாடி ஏறினாள்.

மறுநாள் மதியம் அக்கா துவைத்த துணிகளோடு போனபோது பெட்டி மூடியிருந்தது. மகள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்குக் கிளம்பறேன்மா. அவருக்குப் போன் பண்ணிட்டேன். ஏர்போர்ட்டுக்கு வர்றேன்னாரு.”

“என்னடி திடீர்னு?”

“திடீர்னு இல்ல. வந்த நாள்லேருந்து இந்தப் பெட்டியத் திறந்து போட்டு வச்சிருந்தேன். ஒரு நாளாவது நீ என் துணிய எடுத்து உள்ள மாட்டுவன்னு பாத்தேன். வந்து பாத்தா சுத்தியும் துடைச்சிருக்கும், அதை மட்டும் தொட்டிருக்க மாட்ட.”

“நீ மாட்டுவன்னு நான் பாத்துட்டிருந்தேன். தினமும் அலமாரியத் திறந்து பாப்பேன்,” என்றார்.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.

“இப்ப மாட்டறேன். எந்திரி. எல்லாத்தையும் நானே மாட்டறேன்.”

“வேணாம்மா. வர்றேன்னு சொல்லிட்டேன், இனிமே அதை மாத்தறதுக்குத் தெம்பில்ல.” துணிகளை அம்மா கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அங்கயும் விருந்தாளிதான், இங்கயும் விருந்தாளிதான். அங்க பழகிடுச்சு.”

இது உன் வீடு என்று அக்கா அன்று மாலை முழுவதும் சொல்லிப் பார்த்தார். அடுப்படியில் சொன்னார், கிணற்றடியில் சொன்னார். லிஃப்ட்காரரும் தன் பங்குக்குக் கெஞ்சினார், கேலியாகச் சொன்னார், கடைசியில் கோபப்பட்டும் பார்த்தார். மகள் எல்லாவற்றுக்கும் சரிப்பா, தெரியும்மா என்றாள். அன்று பாத்திரங்களை அவள் துலக்கியபோது அக்கா தடுக்கவில்லை.

காலையில் மூன்று பேரும் பெட்டியை உருட்டிக்கொண்டு சரிவின் கீழே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். குளிர் காற்று அடித்தது. மகள் அம்மாவின் சால்வையை இழுத்துக் காதை மூடிவிட்டாள். பஸ் வந்ததும் டிரைவரே இறங்கிப் பெட்டியை உள்ளே தள்ளினார். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போங்க, குளிருது என்று கையால் காட்டினாள். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

இருவரும் ஏற்றத்தில் பாதி தூரம் வந்தார்கள். லிஃப்ட்காரர் நின்றார்.

“கேக்காதன்னு சொன்னது நான்தான்.”

“நீங்க சொல்லலன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேங்க,” என்றார் அக்கா.

பின்னாலிருந்து ஒரு கார் ஏறி வந்து அவர்களைக் கடந்தது. பின்னறைக்கு இன்று வருவதாகச் சொன்னவர்கள். உள்ளேயிருந்த குழந்தை கை ஆட்டியது. வீட்டில் திறந்துவிட ஆள் இல்லை. அக்கா சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருவரும் நடையை எட்டிப் போட்டார்கள்.